சக் நோரிஸ் கொரியாவில் என்ன கற்றார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காப்புக் கலை பற்றிப் பேச்சு வந்தால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களில் பாதி சக் நோரிஸைப் பற்றியதாகத்தான் இருக்கும். ரோம் கொலோசியத்தில் புரூஸ் லீயோடு சினிமாவில் மோதிய அமெரிக்க நடிகர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் வந்தது 1972-இல். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், கொரியாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் இருந்துகொண்டு அவர் எதைக் கற்றார், யாரிடம் கற்றார், எப்படிக் கற்றார் என்பதில்தான் குழப்பம். எனக்கு அவருடைய படங்கள் எல்லாவற்றையும் விட அந்தக் கொரிய நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன, ஏனென்றால் அங்கே போனவர் வீரர் இல்லை, கூச்ச சுபாவம் உள்ள ஒரு சாதாரணப் பையன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சக் நோரிஸ் கத்துக்கிட்டது கராத்தேயா, டேக்வாண்டோவா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

டாங் சூ டோ. நேரான பதில் இதுதான். கொரியாவில் வளர்ந்த ஒரு சண்டைக் கலை, அதிலும் மூ டுக் குவான் என்ற பள்ளியின் வழி.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் டாங் சூ டோ என்றால் யாருக்கும் புரியாது, அதனால் கொரியாவிலிருந்து வந்த எல்லாவற்றையும் 'கொரியன் கராத்தே' என்று சொல்லித்தான் வகுப்பு நடத்தினார்கள். அவர் ஜெயித்த போட்டிகளும் கராத்தே போட்டிகள் என்றே அழைக்கப்பட்டன. அப்புறம் டேக்வாண்டோ உலகமெங்கும் பரவியபோது, கொரியக் கலை என்றாலே டேக்வாண்டோ என்று ஆகிவிட்டது. ஆக இரண்டு பேரும் முழுப் பொய் சொல்லவில்லை, ஆனால் கலையின் சொந்தப் பெயர் இரண்டு பேருடைய பேச்சிலும் விடுபட்டுப் போகிறது.

அவர் அமெரிக்கர்தானே, கொரியாவுக்கு எதுக்குப் போனார்? கலை கத்துக்கவா?

இல்லை, வேலைக்குப் போனார். 1940 மார்ச் 10-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ரயன் என்ற சிற்றூரில் பிறந்தவர், பெற்றோர் வைத்த பெயர் கார்லோஸ் ரே நோரிஸ். அப்பாவுக்குக் குடிப்பழக்கம், வீட்டில் பணக் கஷ்டம், பள்ளியில் விளையாட்டிலும் பெயர் சொல்லும்படி இல்லை, நாலு பேர் முன்னால் பேசவே கூசுவார் என்று அவரே எழுதியிருக்கிறார். போலீஸ்காரர் ஆக வேண்டும் என்பது ஆசை. கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடித்ததும் 1958-இல் விமானப்படையில் சேர்ந்தார், ஏர் போலீஸ் என்ற காவல் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கிருந்து தென்கொரியாவின் ஓசான் தளத்துக்கு அனுப்பினார்கள். 'சக்' என்ற பெயர்கூடப் படையில் இருந்தபோது கூட்டாளிகள் வைத்து ஒட்டிக்கொண்டதுதான்.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்வது? குடிக்கலாம், ஏதாவது படிக்கலாம், தற்காப்புக் கலை கற்கலாம், இந்த மூன்றுதான் இருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடியை வீட்டிலேயே பார்த்தவர். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஓசான் எந்த ஊர்? சியோலுக்குள்ளேயா இருக்கு?

இல்லை. சியோலுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். பெயர்தான் ஓசான், தளம் இருப்பது இன்றைய பியோங்டேக் நகரத்தின் சோங்டான் பகுதியில். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1950களின் தொடக்கத்தில் கட்டிய தளம் அது.

நோரிஸ் போன சமயத்தில் போர் நிறுத்தம் வந்து (1953) பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நாடு ஏழ்மையில் கிடந்தது. இன்றைய சியோலை நினைத்துக்கொண்டு அந்தக் கூடங்களைக் கற்பனை செய்யாதீர்கள். ரப்பர் விரிப்பு, கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம் எதுவும் கிடையாது. கொரியாவின் குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அதில் வெறுங்காலோடு நின்று உதைக்க வேண்டும்.

முதல்ல ஜூடோ கத்துக்கிட்டார்னு ஒரு பேச்சு இருக்கே, உண்மையா?

உண்மை. தளத்தில் ஜூடோ வகுப்பு இருந்தது, முதலில் சேர்ந்தது அதில்தான். கொஞ்ச நாளிலேயே கீழே விழுந்ததில் தோளில் அடிபட்டுக் கட்டுப் போடும்படி ஆனது. கையைத் தொங்கவிட்டபடி வெளியே நடந்துகொண்டிருந்தபோது, மறைவாக இருந்த ஒரு இடத்தில் தலைகள் மேலே எழும்பி எழும்பி மறைவதைப் பார்த்திருக்கிறார். என்னவென்று எட்டிப் பார்த்தால், வெள்ளை உடை போட்ட கொரியர்கள் எகிறி எகிறி உதைத்துக்கொண்டிருந்தார்கள். மனித உடம்பால் இப்படிச் செய்ய முடியும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. ஜூடோ வாத்தியாரிடமே போய் விசாரித்துத்தான் அது டாங் சூ டோ என்று தெரிந்துகொண்டார்.

ஜூடோவை விட்டுவிடவும் இல்லை. கொரியாவை விட்டுக் கிளம்பும்போது அதில் பழுப்பு பெல்ட் வரை வந்திருந்தார். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அடிபட்ட இடத்துக்கே திரும்பிப் போய் விழுந்து எழுந்தவர் அவர்.

அவரோட குரு யாரு? மூ டுக் குவானை ஆரம்பிச்சவர்கிட்டயே கத்துக்கிட்டாரா?

மூ டுக் குவானைத் தொடங்கியவர் ஹ்வாங் கீ, அவரிடம் தினசரி வகுப்பில் கற்கவில்லை. நோரிஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷின் ஜே சூல், ஹ்வாங் கீயின் மாணவர். 1936 கடைசியில் பிறந்தவர், அதாவது நோரிஸைவிட நான்கு வயதுகூட மூத்தவர் இல்லை. நரைத்த தாடி வைத்த முதியவர் ஒரு மலைச்சரிவில் பாடம் சொன்னதாக நினைத்துக்கொள்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். குரு, சீடன் இரண்டு பேருமே இளைஞர்கள்.

ஷின் 1968-இல் அமெரிக்காவுக்குப் போனார், 1982-இல் உலக டாங் சூ டோ சங்கத்தைத் தொடங்கி அதைப் பல நாடுகளுக்கு வளர்த்தெடுத்தார், 2012-இல் காலமானார். சீடனுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட குருவின் பெயருக்குக் கிடைக்கவில்லை. அதனால் யாராவது சக் நோரிஸ் என்று ஆரம்பித்தால் நான் ஷின் ஜே சூல் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

அந்தக் காலத்து வகுப்பு எப்படி இருந்திருக்கும்? இப்போ மாதிரி ஒரு மணி நேரமா?

ஒரு மணி நேரமா! தினமும் ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிற்றுக்கிழமை ஜூடோ. அவர் எழுதியிருக்கும் கணக்கு இது. புதிதாக வந்தவர்களுக்கென்று தனி வகுப்பு கிடையாது, கூட நின்றவர்களில் பெரும்பாலோர் பிளாக் பெல்ட் வாங்கிய கொரியர்கள். மொழியும் புரியாது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறாரோ அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

மூ டுக் குவான் வகுப்பின் வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை என்பதால் ஓரளவு கண்முன் கொண்டுவர முடியும். 'சாரியொத்' என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், 'கியுங்னே' என்றால் வணங்க வேண்டும். முதலில் கொடிக்கு, அப்புறம் ஆசிரியருக்கு. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, 'சாபும்-நிம்' என்றுதான். பிறகு உடம்பை நெகிழ்த்தும் பயிற்சி, இதுதான் வெளிநாட்டவர்களை அழவைக்கும் இடம். தரையில் கால்களை இரண்டு பக்கமும் விரித்து உட்கார்ந்து நெஞ்சைத் தரையை நோக்கிக் கொண்டுபோக வேண்டும், தொடையின் உள்பக்கம் கிழிவது போல இருக்கும். கொரியச் சிறுவர்கள் நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், இடுப்பு தானாகத் திறக்கும். பதினெட்டு வயதில் முதல்முறையாக இதைச் செய்கிறவனுக்கு நாள்கணக்கில் நடக்கவே முடியாது.

அதன் பிறகு 'ஹானா, துல், செத்' என்று எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உதை அல்லது குத்து, வயிற்றிலிருந்து 'கிஹாப்' என்னும் முழக்கம். ஒரே முன்னுதையை நூறு முறை. அப்புறம் ஹியுங் எனப்படும் அசைவு வரிசைகள், ஜோடியாக நின்று எண்ணிச் செய்யும் தாக்குதல், தடுப்பு, கடைசியில் நேருக்கு நேர் மோதல்.

'டாங்' என்றால் சீனாவோட டாங் வம்சமா? அப்போ இது சீனக் கலையா?

பெயரில் இருப்பது அந்த டாங்தான். 'டாங் சூ டோ' என்றால் 'டாங் கை வழி', அதாவது சீனக் கை. ஆனால் பெயர் வந்த பாதை சுற்று வழி. ஒகினாவா தீவுக்காரர்கள் தங்கள் கலைக்குச் சீனாவோடு இருந்த தொடர்பை வைத்து அதைச் 'சீனக் கை' என்று எழுதினார்கள், அதையே ஜப்பானிய உச்சரிப்பில் கராத்தே என்று படித்தார்கள். 1930களில் ஜப்பானில் அந்த எழுத்தை மாற்றி, அதே உச்சரிப்புள்ள 'வெறும்' என்ற எழுத்தைப் போட்டு 'வெறுங்கை' ஆக்கினார்கள். பழைய எழுத்தைக் கொரிய உச்சரிப்பில் படித்தால் 'டாங் சூ'. புதிய எழுத்தைப் படித்தால் 'கோங் சூ'. கொரியாவில் இரண்டு பெயரும் புழங்கின.

அப்படின்னா இது ஜப்பான் கராத்தேதானே? கொரியான்னு எதுக்குச் சொல்லணும்?

இந்தக் கேள்விதான் அதிகமாகச் சண்டை மூட்டும் கேள்வி, நிதானமாகச் சொல்கிறேன். 1910-லிருந்து 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலைக்கு முன்னும் பின்னுமாக, 1944 முதல் 1946 வரையிலான சில வருடங்களில், சியோலிலும் அதைச் சுற்றியும் 'குவான்' எனப்படும் முதல் பள்ளிகள் தோன்றின. சுங் டோ குவானைத் தொடங்கிய லீ வோன் குக், சோங் மூ குவானைத் தொடங்கிய ரோ பியுங் ஜிக் இருவரும் ஜப்பானில் ஃபுனகோஷி கிச்சினிடம் ஷோட்டோகான் கராத்தே கற்றவர்கள். ஆக, வேரில் கராத்தே இருப்பதை மறைக்கத் தேவையில்லை.

ஹ்வாங் கீயின் கதை கொஞ்சம் வேறு. சிறுவனாக இருந்தபோது ஒருவர் பலரைக் கால்களாலேயே சமாளித்ததைப் பார்த்து அந்த ஆசை பிடித்தது என்பார். 1930களில் ரயில்வே வேலையாக மஞ்சூரியாவுக்குப் போனபோது யாங் என்ற சீன ஆசிரியரிடம் கற்றார். ஒகினாவா கராத்தேயை அவர் புத்தகங்கள் வழியாகப் படித்துத் தெரிந்துகொண்டார், அதுவும் சியோல் ரயில்வே நூலகத்தில். 1945-இல் பள்ளியைத் தொடங்கியபோது கலைக்கு வைத்த பெயர் 'ஹ்வா சூ டோ', மலர்க் கை வழி. ஆள் சேரவில்லை. ஜனங்களுக்குத் தெரிந்த பெயர் டாங் சூ என்பதால் அதற்கு மாற்றினார். பள்ளி நடந்தது ரயில்வே இடத்தில் என்பதால் அதற்கு 'ரயில் தோஜாங்' (ரயில் பயிற்சிக் கூடம்) என்றே பெயர். ரயில் பாதை எங்கே போனதோ அங்கெல்லாம் கிளைகள் போயின.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைவேலை, ஹியுங் வரிசைகள் பெரும்பாலும் கராத்தேயிலிருந்து வந்தவை. பியோங் ஆன் என்ற ஐந்து வரிசைகள் ஒகினாவாவின் இட்டோசு ஆன்கோ என்ற ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் வரிசைகளேதான். ஆனால் கொரியர்கள் காலை வைத்துச் செய்தது வேறு. உதை உயர்ந்தது, சுழற்சி வந்தது, எகிறல் வந்தது, இடுப்பின் வீச்சு பெரிதானது. நோரிஸ் மறைவுக்கு அந்தப் பக்கம் எழும்பிய தலைகளாகப் பார்த்தது இதைத்தான். பதினைந்து வருடத்தில் ஒரு கலை அந்த அளவுக்கு வேறாகிவிட்டது என்றால், அதை வளர்த்த மண்ணின் பெயரைச் சொல்வதில் தப்பே இல்லை.

கொரியக் கலைகளுக்கு 2000 வருஷப் பாரம்பரியம்னு வகுப்புல சொல்றாங்க. அதுல நோரிஸ் படிச்சதும் அடக்கமா?

பழைய கொரியக் கலைகள் இருந்தன, அதில் சந்தேகம் இல்லை. 1790-இல் ஜியோங்ஜோ அரசர் காலத்தில் முயே டோபோ டோங்ஜி என்ற படத்தோடு கூடிய போர்க்கலைக் கையேடு வெளிவந்தது, அதில் ஆயுதம் இல்லாத சண்டைக்கும் ஒரு பகுதி உண்டு. தேக்கியோன் என்ற கால்விளையாட்டுக் கலையும் இருந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அது கிட்டத்தட்ட மறைந்து, சோங் டியோக் கி போன்ற ஓரிருவர் நினைவில் மட்டும் தங்கி, 1983-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் நோரிஸ் செய்த ஹியுங்குகளை அந்தப் பழமையோடு நேர்க்கோடு போட்டு இணைக்க முடியாது. ஹ்வாங் கீ அந்த 1790 புத்தகத்தைக் கண்டெடுத்துப் படிக்கத் தொடங்கியதே 1957-இல்தான். அதிலிருந்து ஊக்கம் பெற்றுத் தன் கலையை 'சூ பாக் டோ' என்ற பழைய கொரியப் பெயருக்கு மாற்ற 1960-இல் முயற்சி எடுத்தார். யோசித்துப் பாருங்கள், நோரிஸ் கொரியாவில் இருந்த அந்தக் காலகட்டத்தில்தான் அவர் கற்ற கலை தன் பெயரையே தேடிக்கொண்டிருந்தது.

சரி, டேக்வாண்டோவும் டாங் சூ டோவும் ஒண்ணா, வேறயா?

ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வேறு வீட்டில் வளர்ந்தவர்கள். மேலே சொன்ன குவான்களை ஒன்றாக்க வேண்டும் என்று பெரிய முயற்சி நடந்தது. ஜெனரல் சோய் ஹோங் ஹி முன்வைத்த 'டேக்வாண்டோ' என்ற பெயர் 1955-இல் ஏற்கப்பட்டது, 1961-இல் 'டேசூடோ' ஆகி, 1965-இல் மறுபடியும் டேக்வாண்டோ ஆனது. ஹ்வாங் கீ தன் பள்ளியைக் கரைக்க ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மாணவர்களில் ஒரு பெரும் பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது, மிச்சப் பேர் டாங் சூ டோ, சூ பாக் டோ என்று தனியாக நின்றார்கள்.

டேக்வாண்டோ அதன் பிறகு விளையாட்டாக வளர்ந்தது. 1972-இல் சியோலில் குக்கிவோன் என்ற தலைமையகம், 1973-இல் உலகக் கூட்டமைப்பு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் கண்காட்சி, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டு. நோரிஸ் கொரியாவில் கற்றது இந்தப் பிரிவுகள் எல்லாம் முற்றுப்பெறுவதற்கு முந்தைய வடிவம்.

அவர் வாங்கினது கறுப்பு பெல்ட்டா, நீல பெல்ட்டா? மூ டுக் குவான்ல கறுப்பே கிடையாதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஹ்வாங் கீயின் வழியில் டான் தகுதிக்கு நள்ளிரவு வானத்தின் கருநீலம்தான் நிறம். கறுப்பு என்றால் அதன் மேல் வேறு நிறம் ஏறாது, முடிந்துபோனது என்று ஆகிவிடும், நீலம் என்றால் இன்னும் ஆழம் உண்டு என்பது அவர்கள் விளக்கம். ஆனால் பேச்சு வழக்கில் டான் என்றாலே பிளாக் பெல்ட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நோரிஸும் அப்படித்தான். நிறத்தை விட்டுவிடுங்கள், தகுதி ஒன்றுதான்.

பிளாக் பெல்ட் டெஸ்ட்ல ஃபெயில் ஆனாராமே?

ஆமாம், முதல் தடவை தோற்றார், அதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். தேர்வு சியோலில். குளிர்காலம். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது, தெரிந்த முகம் இல்லை. குளிர்ந்த மரத்தரையில் சம்மணமிட்டு, தன் பெயர் வரும் வரை மணிக்கணக்காகக் காத்திருந்தார். ஒரு நாளாவது கால் மரத்துப்போகும் வரை தரையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், திடீரென்று கூப்பிட்டால் பாதம் தரையில் பட்டதே உணர்வில் இருக்காது. எழுந்து போய் நின்றார், பாசாய் என்ற ஹியுங்கைச் செய்யச் சொன்னார்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த வரிசை, ஆனால் அந்த நேரத்தில் மனம் வெறுமையாகிவிட்டது. தேறவில்லை.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அத்தனை மணி நேரப் பயிற்சி, அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் கைகொடுக்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி அதே கூடத்தில் பழைய வரிசையில் நின்றார். மாதங்கள் கழித்து மீண்டும் தேர்வுக்குப் போய் நின்றார், தேறினார். வாழ்க்கையில் தானாகத் தொடங்கித் தானாக முடித்த முதல் காரியம் அதுதான் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வருஷத்துக்குள்ள பிளாக் பெல்ட். நம்ம ஊர்ல நாலஞ்சு வருஷம் ஆகுதே, அது ஏதோ ராணுவக்காரங்களுக்குன்னு சும்மா கொடுத்ததா?

சும்மா கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை ஏன் தோற்கடிக்கப் போகிறார்கள்? வருடத்தை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி வாரம் 30 மணி நேரம். வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் 1500 மணி. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி என்று போகிறவருக்கு வருடத்துக்கு 150 மணிதான் கிடைக்கும், அந்த 1500-ஐத் தொட அவருக்குப் பத்து வருடம் வேண்டும்.

இன்னொன்று. கொரியாவில் முதல் டானுக்கு 'சோ டான்' என்று பெயர், ஆரம்ப டான் என்று அர்த்தம். அடிப்படை கைக்கு வந்துவிட்டது, இனிமேல் கற்க ஆரம்பிக்கலாம் என்ற அளவில்தான் அங்கே அதைப் பார்த்தார்கள். அதை மகுடம் ஆக்கியது வெளிநாடுதான்.

அவரோட அந்த 'திரும்பி உதைக்கிற' உதை கொரியாவுல கத்துக்கிட்டதா? ஏன் அதை இவ்வளவு பேசுறாங்க?

கொரியாவில் கற்றதுதான். சுழன்று அடிக்கும் பின்னுதை. முதலில் செய்கிறவர்கள் இதை வட்டமாக வீசும் உதை என்று நினைத்துக் காலைச் சுற்றிவிடுவார்கள், அப்படி இல்லை. சண்டை நிலையில் நிற்கிறீர்கள். முன்காலின் குதிகால் எதிராளி பக்கம் திரும்புகிறது, உடம்பு சுழன்று முதுகு அவருக்குத் தெரிகிறது, அந்தக் கணத்தில் தோளுக்கு மேலாகக் கண் அவரைப் பார்த்துவிட வேண்டும். முழங்கால் மடங்கி உடம்போடு ஒட்டி வருகிறது, அங்கிருந்து குதிகால் நேர்க்கோட்டில் பின்னால் போகிறது, கழுதை உதைப்பது போல. சுழல்வது உடம்பு, பாய்வது நேர்க்கோடு. முதுகைக் காட்டிவிட்டான், அடிக்கலாம் என்று எதிராளி முன்னால் வருவார், அப்போதுதான் குதிகால் விலாவில் இறங்கும்.

அமெரிக்கப் போட்டிகளில் பலர் ஜப்பானிய, ஒகினாவா வழியில் வந்தவர்கள். முன்னுதை, நேர்க்குத்து இவற்றுக்குப் பழகிய கண்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வரும் இந்த உதை புதிது. அதனால்தான் அவ்வளவு பேச்சு.

கொரியாவில் கத்துக்கிட்டதை வச்சே சாம்பியன் ஆனாரா?

அதை வைத்து மட்டும் இல்லை. 1962-இல் படையை விட்டு வந்ததும் நார்த்ராப் விமான நிறுவனத்தில் கோப்புகளைப் பார்க்கும் குமாஸ்தா வேலை, சாயங்காலம் பெற்றோர் வீட்டுக் கொல்லையில் வகுப்பு. பிறகு கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் ஊரில் சொந்தப் பள்ளி. ஆரம்பப் போட்டிகளில் தோற்றார். உதை எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு கை போதவில்லை என்று அவருக்கே புரிந்தது. ஃபுமியோ டெமுரா, எட் பார்க்கர் போன்ற மற்ற வழி ஆசிரியர்களிடம் போய் நின்று, கற்றார். பிளாக் பெல்ட் வாங்கிப் பள்ளி நடத்துகிறவர் இன்னொருவர் கூடத்தில் மாணவனாக நிற்பது லேசில் வராது. 1968-இல் நடுத்தர எடைத் தொழில்முறை கராத்தே பட்டம் கிடைத்தது, ஆறு வருடம் அவரிடமே இருந்தது.

புரூஸ் லீக்கு உயரமா உதைக்கச் சொல்லிக்கொடுத்ததே நோரிஸ்தான்னு படிச்சேன்.

நோரிஸ் சொல்வது இது: லீ இடுப்புக்கு மேலே உதைப்பதை நம்பாதவர், விங் சுன் என்ற சீனக் கலையின் வழியில் வந்தவர், சேர்ந்து பயிற்சி செய்தபோது எங்கே வேண்டுமானாலும் உதைக்கத் தெரிந்து வைத்துக்கொள் என்று தான் சொன்னதாக. அமெரிக்காவில் டேக்வாண்டோவைப் பரப்பிய ஜூன் ரீயும் லீயோடு நெருங்கிப் பழகி உதைகளைப் பகிர்ந்துகொண்டவர். லீயோ யாரிடம் எது நல்லதாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு தன்னுடையதாக மாற்றுகிறவர். எனவே 'நோரிஸ்தான்' என்று ஒற்றைப் பெயரை எழுதாதீர்கள், லீயின் உயர உதைகளுக்குப் பின்னால் கொரியக் கலைக்குப் பங்கு உண்டு என்று எழுதினால் சரியாக இருக்கும்.

அப்புறம் ஏன் டாங் சூ டோவை விட்டுட்டு சொந்தமா ஒரு கலை ஆரம்பிச்சார்?

விட்டார் என்று சொல்ல மாட்டேன். போட்டிக் காலத்திலிருந்து சேர்த்துக்கொண்டதை எல்லாம் டாங் சூ டோ என்ற அடித்தளத்தின் மேல் வைத்து ஒரு முறையாக்கினார். அதற்குச் சுன் குக் டோ என்று கொரிய மொழியில்தான் பெயர் வைத்தார். ஷின் ஜே சூல் கற்றுக்கொடுத்தது அதன் உள்ளே இருக்கிறது.

அவர் கத்துக்கிட்ட அதே பாணியை நேர்ல பார்க்கணும்னா என்ன தேடணும்?

டாங் சூ டோ, சூ பாக் டோ, மூ டுக் குவான், இந்த மூன்று பெயரில் ஏதாவது ஒன்று. பெயர்ப் பலகையை மட்டும் நம்பாமல் என்ன ஹியுங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தேகுக் வரிசை என்றால் அது குக்கிவோன் வழி டேக்வாண்டோ, அதுவும் நல்ல கலைதான், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. பியோங் ஆன், நைஹான்ஜி, பாசாய் என்று சொன்னால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

பாசாயைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் கால்களைச் சேர்த்து நிற்பார், வலது கை முஷ்டியை இடது உள்ளங்கை பொத்தியிருக்கும், ஒரு மூச்சு நேரம் அசையமாட்டார். திடீரென்று முன்னால் பாய்ந்து, ஒரு கால் இன்னொரு காலுக்குப் பின்னால் குறுக்காக வந்து ஒட்ட, வலது முன்கை தடுப்பாக எழும்பி நிற்கும். சியோலின் குளிரில் நோரிஸுக்கு ஞாபகம் வராமல் போன வரிசையின் முதல் அசைவு இதுதான்.